தட்டாமல் வருகிறவர்கள்

யாரோ கதவைத் தட்டினார்கள். மேசைக்கு அடியில் படுத்திருந்த டாஃபி துள்ளி எழுந்து குரைத்தது. ஹெட்லிக்குச் சுருக்கென்று இருந்தது. அது நாய் குரைத்ததால் அல்ல, அந்தத் தட்டலால்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரையில், கடலுக்கும் பாறைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சின்ன ஊரில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. கதவைத் தள்ளு, பூட்ஸைக் கழற்று, "இருக்கியா?" என்று கேட்டபடி அடுப்படிக்கு வா. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் உட்கார்ந்து ஒரு பக்கம் சேர்ந்துகொள். அவ்வளவுதான் முறை. தட்டுகிறவர்கள் என்றால் வெளியூர்க்காரர்கள், பாதிரியார், அப்புறம் போலீஸ். போலீஸ் தட்டினால் கடலில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஹெட்லிக்குப் பத்து வயதிருக்கும்போது அவன் அப்பாவுக்காக ஒருமுறை அப்படித் தட்டியிருக்கிறார்கள். கதவைத் திறக்கப் போன அம்மாவின் முகத்தை அவன் இன்னும் மறக்கவில்லை.

இப்போது ஊரே அவன் வீட்டைத் தட்டுகிறது. நகரத்து ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவில் இருந்துவிட்டுக் குளிர்கால முடிவில் திரும்பி வந்ததிலிருந்து இப்படித்தான்.

கதவைத் திறந்தான். மேவிஸ். அவன் நண்பன் ஆம்ப்ரோஸின் மனைவி, பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். பட்டாணி சூப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"உள்ள வரலியா?"

"இல்ல கண்ணு. உனக்கு எதுக்குத் தொந்தரவு. சூடா இருக்கும்போதே குடிச்சிடு."

வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தாடை ஒரு பக்கமாகக் கோணியது. ஹெட்லி அந்த முகத்தை ஒரே பார்வையில் படித்து முடித்தான்: 'இந்தச் சனியனுக்கு இன்னும் எத்தனை நாள் சமைச்சுக் கொட்டணுமோ.'

முகம் படிப்பதில் அவன் கெட்டிக்காரன் என்று அவனாகவே நினைத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா வெறும் கண்கள் மட்டும் தெரிகிற படங்களைக் காட்டி, இவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். வெறுப்பு, சலிப்பு, மறுபடியும் வெறுப்பு என்று அவன் அடுக்கினான். பாதிக்கு மேல் தப்பு. "இந்த நோய் இருக்கறப்ப எல்லாரும் உங்களை வெறுக்கிற மாதிரியே தெரியும். சந்தேகம் வந்தா அவங்ககிட்டயே கேட்டுடுங்க," என்றாள். அவன் தலையாட்டினான். அவள் முகத்திலும் அவனுக்குச் சலிப்புதான் தெரிந்தது. கேட்பதாம்! ஆம்ப்ரோஸிடம் போய் 'உனக்கு என்னைப் பிடிக்கிறதா' என்று கேட்பதற்கு நடுத்தெருவில் அம்மணமாக நிற்கலாம்.

அந்த ஆம்ப்ரோஸே தட்டியதுதான் தாங்க முடியவில்லை. ஒன்றாகப் படகேறி, ஒன்றாக மீன் ஆலையில் வேலை பார்த்து, அது மூடியபோது ஒன்றாகக் குடித்து அழுதவன். வந்தால் நேரே ஃபிரிட்ஜைத் திறப்பான், உள்ளே ஒன்றுமில்லை என்று திட்டுவான், இருப்பதைத் தின்பான். இப்போது தட்டிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே நின்று காற்று எந்தத் திசை என்று பேசிவிட்டுப் போகிறான்.

சூப் ஆறி, மேலே பாலாடை போல ஏடு படிந்தது. தான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் மூச்சு விட முடியும் என்று ஹெட்லிக்குத் தோன்றியது. அந்த நினைப்பு புதிதல்ல. அதனோடு வந்த நிம்மதிதான் புதிது. இன்றோடு முடித்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தான். நாயை மட்டும் யாரிடமாவது விட வேண்டும். டாஃபிக்கு ஆம்ப்ரோஸைப் பிடிக்கும்.

டாஃபியின் கழுத்தில் வாரைப் பூட்டி, நாய்த்தீனி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, உருகும் பனியில் நடந்தான். ஆம்ப்ரோஸ் வீட்டுக் கதவுக் கொண்டியில் கை தானாகப் போனது. பாதியில் நிறுத்தினான். அவர்கள் தட்டும்போது தான் மட்டும் என்ன உரிமையில் தள்ளிக்கொண்டு போவது? விரல் முட்டியால் தட்டினான்.

உள்ளே ஒரு நாற்காலி விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. "ஐயோ கடவுளே, ஆம்ப்ரோஸ், தொறக்காத," என்று மேவிஸின் குரல். காலடிகள் மெல்ல வந்தன. கதவு திறந்தது.

ஆம்ப்ரோஸின் முகம் பிசைந்த மாவு மாதிரி வெளுத்திருந்தது. கண்கள் ஹெட்லியைப் பார்க்காமல் அவனுக்குப் பின்னால் சாலையில் எதையோ தேடின. அப்புறம்தான் அவன்மேல் வந்து நின்றன. எத்தனையோ கண்களைத் தப்பாகப் படித்த ஹெட்லிக்கு இந்த முகத்தில் தப்புப் பண்ண இடமே இல்லை. இது அவன் அம்மாவின் முகம்.

"நாயே!" என்று ஆம்ப்ரோஸ் கத்தினான். தோளில் ஓங்கி ஒரு அடி விட்டான். அடித்த கையாலேயே இழுத்துக் கட்டிக்கொண்டான். "எதுக்குடா தட்டின? போலீஸ்னு நெனச்சேன்டா. உன்னப் பத்திச் சொல்ல வந்திருக்கான்னு நெனச்சேன். என்ன விட்டா அவன் வேற யார் வீட்டுக்கு வருவான்?"

"நீங்க எல்லாரும்தானே என் வீட்ல தட்டுறீங்க?"

"உன்னப் பாக்க வர்ற அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிச்சுடா, திடுதிப்புனு உள்ள போய் நிக்காதீங்க, அவருக்குக் கொஞ்சம் எடம் குடுங்கன்னு. இந்த ஊர்ல எடம் குடுக்கறதுன்னா வேற எப்படி? தட்டித் தொலைச்சோம். ஒவ்வொரு தடவையும் கை கூசுச்சு."

பேசிக்கொண்டே இருந்தவன் நாயைப் பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். மறுபடி வெளுத்தான்.

"ஹெட்லி. சாகலாம்னு இருக்கியா?"

"அப்படியா கேக்கறது?" என்றாள் மேவிஸ்.

"பின்ன எப்படிக் கேக்கறது? நீ சும்மா இரு. சொல்லுடா."

"ஆமா," என்றான் ஹெட்லி. நெஞ்சுக்குள் பாறாங்கல்லாகக் கிடந்தது, வெளியே வந்தபோது இத்தனூண்டு சொல்லாக இருந்தது. "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்."

ஆம்ப்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "பாரமா? இங்க வா." கையைப் பிடித்து அடுப்படி ஜன்னலுக்கு இழுத்துப் போனான். விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் ஹெட்லியின் வீடு தெரிந்தது. "தினம் காலைல இங்கதான் நிக்கறேன். உன் புகைபோக்கில புகை வந்தாதான் எனக்கு டீ எறங்குது. ஒரு நாள் லேட்டா வந்துச்சு. இவகிட்ட கேளு, எப்படி இருந்தேன்னு."

"பைத்தியக்காரன் மாதிரி ஒரு காலுல பூட்ஸ், ஒரு காலுல செருப்பு," என்றபடி மேவிஸ் போனை எடுத்து நர்ஸைக் கூப்பிட்டாள். உடனே வருவதாக நர்ஸ் சொன்னாள். அதுவரை அவரைத் தனியாக விட வேண்டாம் என்றாள். "எங்க விடப் போறோம்," என்றாள் மேவிஸ். இன்றிரவு இங்கேதான் படுக்கை என்று யாரையும் கேட்காமல் போர்வையை எடுத்து வந்தாள். டின்பால் ஊற்றிய டீயை ஹெட்லியின் முன்னால் வைத்துவிட்டு, வாயை இறுக்கித் தாடையைக் கோணினாள்.

அவன் அதைப் படிக்கப் போனான். நிறுத்திக்கொண்டான்.

"மேவிஸ், அந்த மூஞ்சிக்கு என்ன அர்த்தம்?"

"எந்த மூஞ்சி?"

"வாயை இப்படி வச்சிருக்கியே. காலைலயும் வச்சிருந்த."

"புதுப் பல் செட்டுடா! ஈறு உயிர் போகுது. கழட்டி வைக்கலாம்னா நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்க."

ஆம்ப்ரோஸ் சிரித்துவிட்டான். ஹெட்லியின் தொண்டையிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் தன் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த நினைப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. வந்தால் அன்றைக்கே ஆம்ப்ரோஸிடம் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு. இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். மாத்திரை, நர்ஸ், வாரத்துக்கொருமுறை கம்ப்யூட்டர் திரையில் அந்த டாக்டரம்மா என்று நாள் போகிறது. சில நாள் எழுந்திருக்கவே கனக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு காலையில் அவன் முகம்கூடக் கழுவாமல் முதலில் அடுப்பைப் பற்றவைத்தான். ஈரமான பிர்ச் விறகாகப் பார்த்து இன்னொன்றை உள்ளே தள்ளினான், நிறையப் புகையட்டும் என்று. ஜன்னலுக்குப் போனான். விரிகுடாவுக்கு அப்பால், ஆம்ப்ரோஸின் அடுப்படித் திரை அசைந்தது.

கொஞ்ச நேரத்தில், தட்டல் இல்லாமலே கதவு திறந்தது. டாஃபி தலையைத் தூக்கவில்லை.