பூஜ்ஜியத்தை மேலே வைத்த வரைபடம்

எங்கள் கல்லூரியில் புவி அறிவியல் துறை என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் கழிப்பறையைத் தேடி வழிதவறி வந்தவர்கள். கீழ்த்தளத்தில் கடைசி அறை. கதவைத் திறந்தால் பாறைகள், பாறைகளுக்குப் பின்னால் துறைத் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் இருக்கும். கோடு போட, கொசு அடிக்க, முதுகு சொறிய எல்லாவற்றுக்கும் அதுதான்.

இரண்டாம் ஆண்டில் திட்டப்பணி உண்டு. சுற்றுப்புறத்தில் எதையாவது அளந்து, வரைபடம் போட்டு, இன்னொன்றோடு ஒப்பிட்டு, அதிலிருந்து பூமியைப் பற்றி ஏதோ புரிந்துகொண்டதாக எழுத வேண்டும். ஒரு குழு வெயிலை அளந்தது. இன்னொரு குழு சாலைத் தூசியை அளக்கப் போய் இருமலோடு திரும்பியது.

எங்கள் குழுவில் மூன்று பேர். ஒருத்தி நர்சரி. கல்லூரியின் பின்சுவரை ஒட்டி அவளுடைய அம்மா செடி நர்சரி வைத்திருந்தார். வகுப்பில் முதல் நாள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது அதைச் சொன்னாள். பெயர் அன்றைக்கே முடிவாகிவிட்டது. இன்னொருவன் லேப்டாப். துறையில் ஒழுங்காக ஓடும் ஒரே கணினி அவனிடம்தான் இருந்தது, அதனால் அவனுக்கு வேறு என்ன தெரியும் என்று யாரும் விசாரிக்கவில்லை. மூன்றாவது நான். குழு என்றால் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி.

"நாம கிணறு பண்ணலாம்," என்றாள் நர்சரி.

"எந்தக் கிணறு?"

"எங்க கிணறு."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆய்வுக்குழு வந்து கல்லூரிக்கு மதிப்பெண் போடப்போகிறது என்பதால் முதல்வர் முன்வாசலில் புல்வெளி போட்டிருந்தார். நடுவில் ஒரு நீரூற்று. இரண்டுக்குமாகச் சேர்த்துப் பின்சுவருக்கு இந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நர்சரி வீட்டுக் கிணறு. மோட்டார் ஓடத் தொடங்கியதிலிருந்து அதில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஒரு பாத்தி ரோஜா ஏற்கெனவே கருகிவிட்டது. இப்படியே போனால் நர்சரியே இருக்காது. அவளுடைய அம்மா முதல்வரைப் பார்த்துச் சொல்லப் போனபோது, அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசியிருக்கிறார்.

"உங்களுக்கு அப்படித் தோணுதும்மா. தோணுறதுக்கெல்லாம் மோட்டாரை நிறுத்த முடியுமா? இது கல்லூரி. ஆதாரத்தைக் கொண்டு வாங்க, அன்னிக்கே நிறுத்திடுறேன்."

ஆதாரம் தயாரிக்கும் துறையில்தான் அந்த அம்மாவின் மகள் படிக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. துறை இருப்பது தெரிந்தால்தானே.

வாரத்தில் சில நாள் காலையில் போய் அளந்தோம். துறையில் ஒரு பழைய எஃகு நாடா இருந்தது, நுனியில் ஈயக் குண்டு கட்டியது. நாடாவின் கடைசிப் பகுதியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். நனைந்த இடம் வரை வெள்ளை கறுத்துவிடும். அந்த இடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கிடைத்துவிடும். நர்சரி இறக்குவாள், லேப்டாப் எண்ணைத் தட்டிக்கொள்வான், நான் சாக்பீஸ் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"அளந்தா ஏறிடுமா தம்பி?" என்று அவளுடைய அம்மா ஒருநாள் என்னைக் கேட்டார். இரண்டு கையிலும் பக்கெட்.

"ஏறாதும்மா. எவ்வளவு இறங்கிச்சுன்னு தெரியும்."

"அது எனக்கே தெரியுமே. தூக்குறது நான்தானே."

"உனக்குத் தெரிஞ்சா போதாதும்மா," என்றாள் நர்சரி. "அவருக்குத் தெரியணும்."

"அப்ப அவரை வந்து தூக்கச் சொல்லு."

மோட்டார் அறை மீட்டரிலிருந்து மோட்டார் ஓடிய நேரத்தை எடுத்தோம். மொட்டைமாடி மழைமானியிலிருந்து மழை. மூன்றையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டோம். நிலத்தடி நீருக்கு வரைபடம் போடும்போது பூஜ்ஜியத்தை மேலே வைப்பது வழக்கம். பூஜ்ஜியம் என்றால் தரை. கீழே போகப் போக ஆழம். தண்ணீர் இறங்கினால் கோடும் இறங்கும், பார்க்கிறவன் தலையைச் சொறிய வேண்டியதில்லை.

மழை போன வருடத்தைப் போலத்தான் பெய்திருந்தது, அதன்மேல் பழி போட முடியவில்லை. மோட்டார் நேரம் கூடக் கூடக் கிணற்றுக் கோடு சரிந்தது. கல்லூரி விடுமுறையில் மோட்டார் நின்ற நாட்களில் மட்டும், மூச்சு வாங்கிக்கொள்வது போல, கோடு கொஞ்சம் தலைதூக்கியது. விடுமுறை முடிந்ததும் மறுபடி சரிவு.

அளவுகோல் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். ஸ்கேலைக்கூடக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தனை வருஷத்துல இந்த ரூம்ல இவ்வளவு சுத்தமான வரைபடம் யாரும் போட்டதில்ல," என்றார். "ஆய்வுக்குழு வர்றப்போ சுவத்துல மாட்டலாம். நான் முதல்வர்கிட்ட பேசுறேன்."

நர்சரி அன்று மாலை எனக்கும் லேப்டாப்புக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் வாங்கிக் கொடுத்ததில்லை.

முதல்வர் மறுநாளே வந்தார். பாறைகளை ஒரு சுற்றுப் பார்த்தார், எதற்கென்று கேட்கவில்லை. திரையில் இருந்த வரைபடத்துக்கு முன்னால் நின்றார்.

"எல்லாம் நல்லாருக்கு. கோடு ஏன் கீழே போகுது?"

"தண்ணி கீழே போகுது சார்," என்றாள் நர்சரி.

"சரிம்மா. ஆனா விருந்தாளி வர்ற அன்னிக்கு நம்ம சுவத்துல ஒரு கோடு கீழே போனா பார்க்க நல்லாவா இருக்கு? பூஜ்ஜியம் ஏன் மேல இருக்கு? எங்கயும் கீழதானே இருக்கும்?" அளவுகோல் பக்கம் திரும்பினார். "கீழ வச்சா தப்பா?"

துறையை மூடி அந்த அறையைக் கிடங்காக்கலாமா என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அது எங்களுக்கே தெரியும் என்றால் அளவுகோலுக்குத் தெரியாமல் இருக்காது. ஸ்கேலை எடுத்து, அதில் எண்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பவர் போலப் பார்த்தார்.

"வைக்கலாம் சார். செங்குத்து அச்சுல ஆழம்னு போட்டிருக்கு. கணக்குப்படி தப்பில்ல."

லேப்டாப் ஒரு பொத்தானைத் தட்டினான். கோடு புரண்டு படுத்து, அடுத்த நொடி மலையேறத் தொடங்கியது. ஒரு எண்கூட மாறவில்லை. முதல்வரின் முகம் மலர்ந்தது.

"சார், இப்ப ஏறுற மாதிரி இருக்கு," என்றாள் நர்சரி.

"ஆழம் ஏறுதும்மா," என்றார் அளவுகோல், ஸ்கேலிலிருந்து கண்ணை எடுக்காமல். "படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்குவாங்க."

வெளியே வந்ததும் அவள் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா தட்டின?"

"அவர் சொன்னாரு."

"கிணத்துல குதின்னு சொன்னா குதிப்பியா?"

"உங்க கிணத்துலயா? காலுதான் உடையும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அது போன இடம் தெரியவில்லை. "பரவால்ல," என்றாள். "ஆய்வுக்குழு வர்றப்போ படத்துக்குப் பக்கத்துல நின்னு பேசப்போறது நான்தானே. என்னைத் தலைகீழா மாட்ட முடியாதுல்ல."

ஆய்வுக்குழு வந்த அன்று வரைபடம் கதவு அகலத்துக்கு அச்சாகி, வழவழப்பான தாளில், நடைக்கூடத்தில் தொங்கியது. மேலே அலுவலகத்தில் யாரோ தலைப்பு சேர்த்திருந்தார்கள்: 'நமது நீர்வளம்: ஓர் ஏறுமுகம்'. குழுவில் இரண்டு பேர் கோட்டைப் பார்த்தார்கள், அது ஏறுவதைப் பார்த்தார்கள், அருமை என்றபடி பலகாரத் தட்டு இருந்த மேசைக்குப் போனார்கள். குழுத் தலைவர் மட்டும் நின்றார். நரைத்த தலை. ஒரு காலத்தில் நிலத்தடி நீரில் ஆராய்ச்சி செய்தவர் என்று அளவுகோல் எங்களிடம் சொல்லியிருந்தார்.

"சார், இது ஏறல, இறங்குது," என்றாள் நர்சரி.

முதல்வர் இருமினார். அவள் நிறுத்தவில்லை. பூஜ்ஜியம் எங்கே இருக்க வேண்டும், இப்போது எங்கே இருக்கிறது, மழை என்ன, மோட்டார் என்ன, எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல் வழியே நீரூற்றின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி, தாளுக்கு மிக அருகில் குனிந்தார்.

"இங்க ஒரு இடத்துல திரும்புதே?"

"லீவு சார். மோட்டார் ஓடல."

"யாரோட மோட்டார்?"

"கல்லூரியோடது."

"கிணறு?"

"எங்களோடது."

அவர் நிமிர்ந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் கட்டிடத்தில் ஒரு வரைபடம் ஒருவருக்கு முழுசாகப் புரிந்து நான் பார்த்தது அன்றுதான். முதல்வரின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகிவிட்டது.

"உங்களைப் பாராட்டணும்," என்றார் குழுத் தலைவர் முதல்வரிடம். "கல்லூரியோட மோட்டாரையே கல்லூரிப் பிள்ளைங்க கேள்வி கேக்குறாங்க. அதை நீங்களே பெருசா அச்சடிச்சு மாட்டியிருக்கீங்க. இப்படி ஒரு சுதந்திரத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல."

முதல்வருக்கு நிறம் திரும்ப வந்தது. கல்லூரியின் கொள்கையே அதுதான் என்றார்.

"சார், கிணறு," என்றாள் நர்சரி.

"அது எங்க வரம்புல வராதும்மா. நாங்க கல்வியை மதிப்பிடத்தான் வந்திருக்கோம்." அவள் தலையில் கை வைத்தார். "நல்லா வருவே."

மாணவர்களின் விமர்சனச் சிந்தனை என்ற தலைப்பில் கல்லூரிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. மற்ற தலைப்புகளில் சுமார்தான் என்பதால் இதுவே காப்பாற்றியது என்று பேசிக்கொண்டார்கள். துறையை மூடும் பேச்சும் நின்றது. அளவுகோல் கதவுக்குப் பெயர்ப் பலகை மாட்டினார். நர்சரியை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அவள் முதல்வரிடம் கேட்டுவிட்டாள்; கீழே நின்ற எங்களுக்கும் கேட்டது.

"ஆதாரம் இருந்தா அன்னிக்கே மோட்டாரை நிறுத்துறேன்னு அம்மாகிட்ட சொன்னீங்க சார்."

"ஆதாரம்தான். யாரு இல்லேன்னாங்க?" என்றார் முதல்வர் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "ஆனா ஒரு வருஷ டேட்டாவை வச்சு முடிவெடுத்தா அது அறிவியலா? இன்னும் மூணு வருஷம் அளங்க. புது நாடா வாங்கித் தரேன்."

வாங்கித் தந்தார். அதில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. புது நாடாவோடு முதல்முறை போனபோது ஈயக் குண்டு அடியில் பட்டு டக்கென்று சத்தம் கேட்டது. மேலே இழுத்தால் சாக்பீஸ் பூசிய வெள்ளை அப்படியே இருந்தது. நர்சரி மறுபடி பூசி மறுபடி இறக்கினாள். மறுபடியும் வெள்ளைதான்.

அளவுகோலிடம் போய்ச் சொன்னோம். தண்ணீர் இல்லையென்றால் நீர்மட்டமும் இல்லை, அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்றார்.

"காலியா விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு சார்."

"பூஜ்ஜியம்னு போட்டா தண்ணி தரை வரைக்கும் வந்துட்டதா ஆயிடும்மா. பரவால்லயா?"

நர்சரி நாடாவைச் சுருட்டி அவர் மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அளக்க வரவில்லை, திட்டப்பணி அறிக்கையை நானும் லேப்டாப்பும்தான் எழுதி முடித்தோம். நல்ல மதிப்பெண் வந்தது.

செடிகளை என்ன செய்வது என்று அவளுடைய அம்மா யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் முதல்வரே ஆளனுப்பினார். புல்வெளியைச் சுற்றிப் பூந்தோட்டம் போடப் போகிறார்களாம், பக்கத்திலேயே நர்சரி இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கு உதவின மாதிரியும் இருக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார். விலை பேச அந்த அம்மாவுக்கு நேரம் இல்லை. இன்னும் நான்கு நாள் போனால் பேசுவதற்குச் செடி இருக்காது. எங்கள் வகுப்பையே தொட்டி தூக்க அனுப்பினார்கள். ரோஜா, குரோட்டன், எலுமிச்சைக் கன்று எல்லாம் சுவரைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து சேர்ந்தன. நர்சரியும் தூக்கினாள், யாரையும் பார்க்காமல்.

மாதம் ஒன்று போயிருக்கும். அவளுடைய அம்மா முன்வாசலில் நின்றிருந்தார். நான் வகுப்புக்குப் போகாமல் அங்கே உட்கார்ந்திருந்தேன். பாத்தி முழுக்கச் சேறு, அதில் தண்ணீர்க் குழாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரோஜாவின் இலைகள் மஞ்சளாகிக் கீழே கொட்டியிருந்தன. அந்த அம்மா பாத்திக்குள் இறங்கி ஒரு செடியைத் தண்டோடு பிடித்து மெல்ல ஆட்டினார். அது சுலபமாகவே ஆடியது.

"அண்ணே," என்று தோட்டக்காரரைக் கூப்பிட்டார். "இதுக்குத் தண்ணியைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க. வேர் அழுகுது."

"காலையும் சாயங்காலமும் விடச் சொல்லி உத்தரவும்மா," என்றார் அவர் குழாயை அடுத்த பாத்திக்கு இழுத்தபடி. "தண்ணிக்கு இங்க என்ன குறைச்சல்?"

அந்த அம்மா குழாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே ஏறி, செருப்பில் ஒட்டிய சேற்றைப் படியின் ஓரத்தில் தேய்த்துவிட்டு, பின்சுவர்ப் பக்கமாக நடந்தார்.