கத்துவதற்கும் கரண்டு ஆகுமல்ல?

திருப்பூர் ராயபுரத்தில் பொங்கியண்ணனின் பனியன் கம்பெனிக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பட்டப்பகலில் எந்தக் கட்டடம் இருட்டிக் கிடக்கிறதோ அதுதான். தையல் மெஷின்களையெல்லாம் ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, "சூரியனுக்கு மீட்டர் கெடையாதுங்க" என்று சொல்லியே தொழிலை வளர்த்தவர். அவர் வீட்டுக்கு விருந்தாளி போனால், பேசிக்கொண்டே எழுந்து போய் அடுத்த அறை விளக்கை அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் நம் தலைக்கு மேலே இருப்பதையும் அணைப்பார். அதற்கு மேல் யார் உட்காருவார்கள்? காபி மிச்சம்.

அப்படிப்பட்டவர் ஒரு கார் வாங்கினார். ஆசையினால் அல்ல, வயிற்றெரிச்சலினால். அவருடைய மனைவியின் அண்ணன் செங்கோட்டையன் மங்கலத்தில் தறிப்பட்டறை வைத்திருப்பவர். அவர் புதுக்கார் இறக்கிய அடுத்த மாதமே, எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்ட ஒரு குன்னூர் வெள்ளைக்காரரிடமிருந்து பொங்கியண்ணன் முப்பத்தெட்டாம் வருஷத்துக் கார் ஒன்றைப் பேரம் பேசி இழுத்து வந்தார். துரை கப்பலுக்கு அவசரப்பட்டார். இவருக்கு எந்த அவசரமும் இல்லை. பேரத்தில் ஜெயிக்க அது போதும்.

"மச்சான் கார் போன வருஷத்துது. நம்முளுது யுத்தத்துக்கும் முந்தினது. அப்ப யாருங்க பெரியவரு?" என்று கடைத்தெருவில் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

காரோடு, முன்பக்கம் செருகிச் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடி ஒன்றும் வந்தது. பட்டனை அழுத்தினாலே வண்டி கிளம்பும்போது இது எதற்கு என்று அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்.

பிறகுதான் வேடிக்கை. ஊரிலுள்ள அத்தனை பல்பையும் அணைக்கிற மனிதருக்குக் காரின் ஹெட்லைட்டை அணைக்க மட்டும் ஞாபகம் வரவில்லை. வண்டியை நிறுத்துவார், சாவியை உருவுவார், கதவைப் பூட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். விளக்கு இரண்டும் எரிந்துகொண்டே இருக்கும். வயதாகிவிட்டது என்றார்கள், கண் திருஷ்டி என்றார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. பில் வராத வெளிச்சம் அவர் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

பேட்டரி இறங்கிப்போகும். வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். மற்ற நாளில் கம்பெனி ஆட்கள் தள்ளினார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி ஞானாம்பாள் தள்ளினாள்.

சிவன்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஒரு நாள் கூறைப்புடவையோடு அவள் காரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பூக்காரி ஒருத்தி வியாபாரத்தை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தாள்.

"ஏனுங் அம்மணி, அவரு உள்ள ஒக்காந்திருக்காரு, நீங்க தள்றீங்க?"

"அவருக்கு ஸ்டியரிங் புடிக்கோணுமாமா" என்றாள் ஞானாம்பாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

"எங்கூட்டுக்காரரு மாட்டுவண்டிதான் ஓட்றாருங். ஆனாலும் மாட்டத்தான் பூட்டுவாரு."

வண்டி கிளம்பியது. ஞானாம்பாள் ஏறிக் கதவைச் சாத்தினாள். மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த முருகன் மேல ஆணை. இன்னொருக்கா இந்த வண்டிக்கு நான் கை வைக்கற மாதிரி ஆச்சுன்னா, எங்கண்ணன் ஊட்டுக்குப் போய் இருந்துக்குவேன். அப்பறம் கூப்புட வராதீங்க."

பொங்கியண்ணன் சிரித்துவைத்தார். ஆனால் திருப்பூர் வந்து சேர்வதற்குள் மனக்கணக்குப் போட்டுவிட்டார். அவள் போய்விட்டால் மூன்று வேளையும் ஓட்டல். மறுநாள் காலையிலேயே கிட்டுசாமிக்கு ஆள் அனுப்பினார்.

கிட்டுசாமி மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ரேடியோ ரிப்பேர் பார்ப்பான், மோட்டார் வயரிங்கும் பார்ப்பான். ஒரு தடவையில் எதையும் முடித்துக்கொடுத்த பழக்கம் அவனுக்கு இல்லை.

"பஸ்ஸர் ஒண்ணு மாட்டிரலாமுங்க. லைட்ட அணைக்காம சாவிய அணைச்சீங்கன்னா அதுவே கத்தும். மிலிட்டரி ஏலத்துல எடுத்ததுங்க. செத்தவனே எந்திரிச்சு ஒக்காருவான்."

"ஏலத்துல எடுத்ததுன்னா சும்மா வந்ததுதானப்பா? அதுக்கெதுக்கு வெல?"

"நீங்க பனியனச் சும்மாவா விக்கறீங்க? பஞ்சு மரத்துலதானுங்க காய்க்குது."

"செடியிலப்பா" என்றார் பொங்கியண்ணன். பேரம் அந்த இடத்தில் கொஞ்சம் இவர் பக்கம் சாய்ந்து, காபி நேரத்தில் முடிந்தது. கிட்டுசாமி காருக்குள் தலைகீழாக நுழைந்து, காலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு வேலை செய்தான். அந்தக் காலைப் பார்த்தே பொங்கியண்ணன் கேள்வி கேட்டார்.

"இது எப்படியப்பா தெரிஞ்சு கத்துது?"

"ரெண்டு வயருங்க. ஒண்ணு ஹெட்லைட்டுக்கு, ஒண்ணு சாவிக்கு. ரெண்டும் போட்டிருந்தா ரெண்டு பக்கமும் கரண்டு சரிக்குச் சரியா நிக்கும். நூல் புரோக்கருங்க ரெண்டு பேரும் ஒரே வெல சொன்னா பேரம் ஏதுங்க, சத்தம் ஏதுங்க? சாவிய அணைச்சீங்கன்னா ஒரு பக்கம் வெல விழுந்துபோகுது. அப்பறம் கத்தல்தான்."

இது பொங்கியண்ணனுக்குச் சுத்தமாகப் புரிந்தது. புரிந்ததுதான் வினை.

சோதித்துப் பார்த்தார்கள். பஸ்ஸர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கூரையிலிருந்து காக்கை எழும்பியது. ஞானாம்பாள் உள்ளேயிருந்து ஓடி வந்து பார்த்து, மனம் குளிர்ந்து, கிட்டுசாமிக்கு இரண்டாவது காபி கொடுக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் பொங்கியண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"ஏப்பா, கத்துறதுக்கும் கரண்டு ஆகுமல்ல?"

"கொஞ்சம் ஆகுமுங்க."

"எந்த பேட்டரியிலிருந்து?"

"இருக்கறது ஒரு பேட்டரிதானுங்களே."

"பாத்தியா! பேட்டரி தீருதுன்னு உன்னயக் கூப்புட்டா, தின்றதுக்கு இன்னொரு ஆளக் கூட்டியாந்து உட்டுட்ட."

"அய்யோ, நீங்க அணைச்ச உடனே அது வாய மூடிக்குமுங்க."

"அணைக்கற வரைக்கும் கத்துதல்ல? இதுக்கு ஒரு சுவிச்சு வெச்சுரு. வேணுங்கறப்பப் போட்டுக்கறேன்."

வேறு ஆளாக இருந்தால் விளக்கம் சொல்லியிருப்பான். கிட்டுசாமி சொல்லவில்லை. வாடிக்கையாளரின் புத்திசாலித்தனத்தில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. சுவிச்சுக்குத் தனிக் காசு என்று மட்டும் சொல்லிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றை மாட்டினான். பொங்கியண்ணன் அதை அப்போதே அணைத்து வைத்தார். வேண்டும் என்கிற நேரம் வரவே இல்லை.

அடுத்த வாரம் மங்கலத்தில் செங்கோட்டையன் பேத்திக்குக் காதுகுத்து. விடியலில் முகூர்த்தம். இருட்டோடு கிளம்பி, விளக்குப் போட்டுக்கொண்டு போய், பளபளவென்று வெளுக்கும்போது பந்தல் முன்னால் நிறுத்தினார். வெளிச்சம் வந்துவிட்டதால் விளக்கு எரிவது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சுவிச்சு அணைந்திருந்ததால் காதுக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் செங்கோட்டையன் ஆரம்பித்தார். "என்னங்க மாப்ள, போகையில எத்தன பேரு வேணும் தள்ளறதுக்கு? இப்பவே சொல்லிட்டா தறியாளுகள நிறுத்தி வெச்சுக்குவேன்."

பந்தி முழுக்கச் சிரித்தது. ஞானாம்பாள் விடவில்லை. "அந்தக் கதையெல்லாம் பழசுண்ணா. எங்க வண்டியில இப்ப மணி வெச்சிருக்கறோம். லைட்டு எரிஞ்சா தானாவே கத்தும். உங்க புதுக்கார்ல இருக்குதா அது?"

செங்கோட்டையன் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். பொங்கியண்ணனுக்கு அப்போதுதான் அந்தச் சுவிச்சின் ஞாபகம் வந்தது.

மத்தியானம் விடைபெற்றுக்கொண்டு, சொந்தபந்தமெல்லாம் வாசலில் கூடி நிற்க, அவர் பட்டனை அழுத்தினார். 'டிக்' என்றது. மறுபடி அழுத்தினார். அதுவும் இல்லை. சாவியை அணைத்தார்.

"மணி ஏனுங் கத்தல?" என்று கேட்டாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானாம்பாள். அவர் பார்வை தன்னையறியாமல் டாஷ்போர்டுக்கு அடியில் போய் வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். "இதென்னங்க புதுசா?" என்று அந்தச் சுவிச்சைத் தட்டினாள்.

பஸ்ஸர் கத்தியது. கத்தல் என்று சொல்லக் கூடாது. சாகப்போகிற கொசு ஒன்று கடைசியாக யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஒரு சத்தம். வாசல் அப்படி அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"கரண்டு மிச்சமாகட்டும்னு..." என்று ஆரம்பித்தார் பொங்கியண்ணன்.

ஞானாம்பாள் இறங்கினாள். அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று ஆணையிட்டவளுக்கு இதில் ஒரு வசதி: நடக்க வேண்டிய தூரம் பத்தடிகூட இல்லை. போய்க் கதவோரம் நின்று திரும்பிச் சொன்னாள்: "அண்ணா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கும் சேத்து ஒலை வெக்கச் சொல்லுங்க."

"பேட்டரி ஒரேயடியாச் செத்துப்போச்சுங் மாப்ள. இனித் தள்ளியும் புண்ணியமில்ல" என்றார் செங்கோட்டையன். முகத்தைத் துக்க வீட்டுக்குப் போனவர் போல வைத்துக்கொண்டார். மேல்துண்டு மட்டும் குலுங்கியது.

பொங்கியண்ணன் பேட்டரியைக் கழற்றித் துண்டில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

"இதுல ஒண்ணுமே இல்லீங்க. காலிங்க. சார்ஜ் பண்ணத்தான் கொண்டுபோறேன்."

"காலியோ நெறையோ, கனம் கனந்தானுங்க."

சார்ஜ் ஏற இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் ஓட்டலில் சாப்பிட்டார். சட்னியை மூன்று தடவை கேட்டு வாங்கியும் மனம் ஆறவில்லை. மறுபடி பேட்டரியோடும், கூடவே கிட்டுசாமியோடும் மங்கலம் போனார். ஏனென்றால் ஞானாம்பாள் சொல்லி அனுப்பியிருந்தாள்: அந்தச் சுவிச்சு இருக்கிற வண்டியில் அவள் ஏறமாட்டாள்.

கிட்டுசாமி கழற்றினான். மாட்டியபோது என்ன வாங்கினானோ அதையே கழற்றுவதற்கும் வாங்கினான். "ஏறுறதுக்கும் டிக்கெட்டு, எறங்கறதுக்கும் டிக்கெட்டா?" என்று பொங்கியண்ணன் கேட்டதற்கு, "கனம் கனந்தானுங்க" என்றான். வரும்போது கண்டக்டர் பேட்டரிக்கு மறுபடியும் அதையே சொல்லி டிக்கெட் கிழித்தபோது, பஸ்ஸில் அவன் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தான்.

ஞானாம்பாள் சுவிச்சை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "லைட்டப் போடுங்க. சாவிய எடுங்க" என்றாள். பஸ்ஸர் அலறியது. தறிச்சத்தத்தில் காது மரத்துப்போன ஆட்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள்.

"போதும் புள்ள."

"இருங்க. அண்ணன் கேக்கட்டும்."

அண்ணன் நிதானமாகக் கேட்டார். பொங்கியண்ணன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

பாதி வழி வந்ததும் அவர் மெதுவாக, "அந்தச் சுவிச்சு சும்மாதான கெடக்குது? கம்பெனி கக்கூஸ் லைட்டுக்கு ஆகுமல்ல?" என்றார்.

"பொளுது எறங்கிருச்சு. மொதல்ல லைட்டப் போடுங்க."

"நெலா வருதல்ல புள்ள."

அவள் முந்தானை முடிச்சைத் தொட்டாள். "வண்டிய நிறுத்துங்க. எறங்கிக்கறேன்."

உடனே போட்டார். ராயபுரம் வந்து சேரும் வரை, ரோட்டில் கொட்டிக்கொண்டே வருகிற எண்ணெயைப் பார்ப்பது போல அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பியதும் அலறல் கிளம்பியது. ஹெட்லைட்டை அணைத்தார். அலறல் நின்றது. கார் வாங்கியதிலிருந்து முதல் தடவையாகப் பழுதில்லாமல் ஒரு காரியம் நடந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுப்படி ஏறி, போகிற போக்கிலேயே வாசல் பல்பையும் அணைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஏனுங்" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "நான் இன்னும் வண்டிக்குள்ளதான் இருக்கறேன்."