பேர் வெட்டிய காப்பு

பாத்திரக் கடையில் குடத்துக்குப் பேர் வெட்டுவார்கள், அண்டாவுக்கு வெட்டுவார்கள். கட்டின புருசனுக்குப் பேர் வெட்டி வாங்கி வந்தவள் மருதங்குளத்துச் செவந்தி ஒருத்திதான்.

வேறென்ன செய்வாள் பாவம்? சேவுகனுக்கு வலிப்பு. வாக்கப்பட்டு வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பம் அது. பெண் கொடுத்தவர்களிடமும் சொல்லவில்லை, உள்ளூரிலும் மூச்சு விடவில்லை. போதாக்குறைக்கு அவனுக்குப் போலீஸ் ஆசை வேறு. திருச்சியில் ஆள் எடுக்கிறார்களாம், ஒரு மைல் ஓட வேண்டுமாம். விடிந்ததும் விடியாததுமாக அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடக் கிளம்பிவிடுவான்.

மாசி மாதம் ஒருநாள் ஓடப்போனவன் மதகுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டான். மாடு ஓட்டிக்கொண்டு போன எவனோ வெளியூர்க்காரன், குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று காறித் துப்பிவிட்டுப் போயிருக்கிறான். செவந்தி தேடிப் போனபோது வாயெல்லாம் மண். அன்றைக்கே அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். புதுக்கோட்டை டாக்டர் மருந்து கொடுத்தார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்று ரெண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

'நான் கூடவே ஓட முடியுமா? இவரு விழுற எடத்துல இருக்குறவங்களுக்கு யாரு சொல்றது?' என்று யோசித்துக்கொண்டே வந்தவள், பாத்திரக் கடை வாசலில் நின்றுவிட்டாள். பித்தளைத் தகட்டைக் காப்பாக வளைத்து, பேர் வெட்டுகிறவரிடம் தானே சொல்லிச் சொல்லி வெட்ட வைத்தாள். சேவுகன். மருதங்குளம். வலிப்பு வரும். ஒருக்களித்துப் படுக்க வை. தண்ணீர் ஊற்றாதே.

"என்னைய என்ன பாத்திரம்னு நெனச்சியா?" என்று குதித்தான் சேவுகன்.

"பாத்திரந்தான். எவளும் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுல்ல" என்று சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டாள். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு அவனும் ஓடினான்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா வந்தது. வேலை கிடைக்க வேண்டுமென்று பால்குடம் நேர்ந்துகொண்டு சேவுகனும் காப்புக் கட்டினான். காப்புக் கட்டினவன் விரதம் முடியும்வரை சட்டை போடக் கூடாது. தகடு வெட்டவெளிச்சமாக மின்னியது.

"இதைக் கழட்டி வச்சிர்றேன் புள்ள. ஊரு பூரா கேக்கும். போலீசு காதுக்கும் போயிரும்."

"கழட்டவே கூடாது. கையைக் கொண்டாங்க இங்கிட்டு."

பூசாரி கட்டிய மஞ்சள் நூலோடு நூலாக, இன்னும் ஒரு கண்டு நூலை மஞ்சளில் நனைத்துத் தகடு முழுக்கச் சுற்றினாள். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஆத்தா காப்பைத் தடவிப் பார்க்க எவனுக்குத் தைரியம் வரும்? தன் சமர்த்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஆனால் கண்மாய்க் கரை முழுக்கத் திருவிழாக் கூட்டம். "எனக்கு என்ன அவசரம்னு ஆத்தாளுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு ஒருநாள் விடியற்காலையில் கந்தர்வக்கோட்டை ரோட்டில் ஓடப் போனான். வெயில் ஏறியும் திரும்பவில்லை. விரதத்தில் இருந்தவன் மருந்தையும் தொடவில்லை என்று மாடக்குழியைப் பார்த்த பிறகுதான் செவந்திக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வண்டிக்கார ராக்கன் வாயெல்லாம் பல்லாக வந்து இறங்கினான்.

"செவந்தி, ஒன் வீட்டுக்காரருக்குச் சாமி வந்திருச்சு! முந்திரிக்காட்டு ஓரமா மண்ணுல பொரண்டு ஆடுறாரு. கொட்டை பொறுக்குற சனம் பூரா கும்பிட்டு நிக்கிது. நல்ல வாக்குச் சொல்லுவா ஆத்தா!"

அடப் பாவிகளா! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். அவன் ஓடிய ரோட்டிலேயே ஓடினாள். செருப்பில்லாத காலில் சரளை குத்தியது, நிற்கவில்லை. 'ஒருக்களிச்சுப் போடுங்க, ஒருக்களிச்சுப் போடுங்க' என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனாள். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

முந்திரி மரத்தடியில் எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். தரையில் சூடம் எரிந்தது. சேவுகன் மல்லாந்து கிடந்தான். முகம், மார்பு எல்லாம் மஞ்சள் தண்ணீர், வாய் ஓரத்தில் வேப்பிலை. கையில் செம்போடு மருதாயி என்ற கிழவி முன்னால் வந்தாள்.

"வா தாயி. காப்போட எல்லை தாண்டிட்டாருல்ல, ஆத்தாளுக்கு ஆத்திரம். மஞ்சத்தண்ணி குடுத்தோம், வாய் நெறயக் குடுத்தோம். இப்பத்தான் மலையேறுனா. அசந்து தூங்குறாரு."

செவந்தி அவனைப் புரட்டிப் போட்டாள். வாயிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்தது. முதுகில் அறைந்தாள், உலுக்கினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கட்டின நாளிலிருந்து அவன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. அவன் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அவன் கையை எடுத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஐயோ, காப்பை அறுக்காத! ஆத்தா கண்ணைக் குத்திருவா!" என்று மருதாயி பதறினாள்.

நூல் சுற்றுச் சுற்றாக விழுந்தது. தகடு வெளியே வந்தது. காட்டுக் காவல்காரர் கண்ணுசாமி நாலெழுத்துப் படித்தவர். குனிந்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே வாசித்தார். கடைசி வரி வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

மருதாயி கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். அது நழுவி விழுந்து உருண்டது.

"கும்பிட்டுத்தானே ஊத்துனோம்! இது முன்னாடியே கண்ணுல பட்டிருந்தா நாங்க ஏன் ஊத்தப் போறோம்? எந்தப் பாவி இம்புட்டு நூலைச் சுத்தி இதை மறைச்சது?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

செவந்தி அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நாந்தான் ஆத்தா. ஊரு பாக்கக் கூடாதுன்னு நாந்தான் சுத்திவிட்டேன்."