தடிக்குப் போட்ட முடிச்சு

தில்லை அத்தான் கனடாவிலிருந்து கொண்டுவந்த நான்கு தூண்டில் தடிகளையும் வள்ளத்தின் விளிம்பில் பூட்டிய ஹோல்டர்களில் நான்தான் செருகினேன். ஹோல்டர் என்பது சாய்வாக நிற்கும் ஒரு சில்வர் குழாய், அவ்வளவுதான். தடியின் அடிப்பக்கத்தை அதற்குள் விட்டு, தடியை வள்ளத்தோடு ஒரு கயிற்றால் இணைக்க வேண்டும். தூண்டிலில் மாட்டிய பொய் மீன்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு மெல்ல ஓடும்போது பெரிய மீன் அடித்தால் தடி குழாயை விட்டுப் பறந்துவிடுமாம்.

"தடி போச்செண்டா அதுக்குப் பின்னால நீயும் குதிக்க வேணும்" என்று அத்தான் சிரித்தார். பிறகு எனக்காக இன்னொரு தரம் சிரித்தார்.

அத்தான் என்றால் என் மனைவி கௌசலாவின் மூத்த அண்ணன். அவர் தந்த கயிற்றின் நுனியில் சட்டென்று கழற்றக்கூடிய சுண்டுவிரலளவு கொளுக்கி ஒன்று இருந்தது. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அதை ஒதுக்கிவிட்டு வள்ளத்தில் கிடந்த நைலோன் கயிற்றை எடுத்து, என் ஊர் முரசுமோட்டையில் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் நெல் மூட்டைகளைக் கட்டுவதுபோலக் கட்டினேன். இரண்டு சுற்று, ஓர் இறுக்கு, காலை ஊன்றி இன்னோர் இறுக்கு. அந்தக் கட்டுக்குப் பரந்தன் சந்திவரை பள்ளத்தில் விழுந்து எழும்பினாலும் ஒரு மூட்டையும் அசையாது.

நான் கடல்காரன் அல்ல. கலியாணம் செய்து முல்லைத்தீவுக்கு வந்த பிறகுதான் கடலுக்குள் கால் வைத்தேன். நாலு வருடமாகியும் காலையில் விளிம்பில் குனிந்து ஒரு தரம் சத்தி எடுக்காமல் எனக்குத் தொழில் தொடங்காது. இந்த வள்ளத்தை வாங்கி எங்கள் கையில் தந்தவர் அத்தான். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எப்போதோ கோபித்துக்கொண்டு இறங்கியிருப்பேன். நல்ல மனுசரிடம் மாட்டிக்கொண்டால் சண்டை பிடித்து வெளியே வரவும் வழியில்லை.

ஊரிலிருந்து என் தகப்பன், அய்யா, போன கிழமை போன் எடுத்தார். காலபோக நெல் விதைப்புக்கு நேரமாகிவிட்டது, தன்னால் இனித் தனியே ஏலாது என்றார். வெள்ளிக்கிழமைக்குள் நான் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் மூன்று ஏக்கரையும் பக்கத்துக் காணிக்காரருக்கு ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவாராம். நாளைக்கு வெள்ளி. அத்தான் கனடாவுக்குப் பறப்பதும் நாளைக்குத்தான். கௌசலாவுக்கு என்னோடு வரச் சம்மதம். ஆனால் இன்று விடிய என் சாரத்தை மடித்துத் தரும்போது சொல்லிவிட்டாள்.

"நீங்கள்தான் சொல்ல வேணும். நான் சொன்னா நான் கிளப்பி விட்டதெண்டு அண்ணை நினைப்பார். கடல்ல வச்சே சொல்லிப்போடுங்கோ. அங்க எழும்பிப் போக ஏலாதெல்லே."

எழும்பிப் போக முடியாதவன் நான்தான் என்பது கரை மங்கத் தொடங்கியபோது புரிந்தது. எஞ்சினைக் குறைத்து வைத்திருந்தேன். நான்கு தடிகளும் வளைந்து நடுங்கியபடி வந்தன. அத்தான் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற சனங்களைக் கடலுக்குக் கூட்டிப்போகலாம். இன்னும் ஆறு ஹோல்டர். எனக்குப் பெயர் எழுதின தொப்பி.

"அத்தான், நான் காலபோகத்துக்கு முரசுமோட்டைக்குப் போகலாமெண்டு..."

"போவன்! ரெண்டு நாள் நிண்டிட்டு வா. ஆர் மறிச்சது?"

ரெண்டு நாள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொப்பி என்ன நிறம் என்று கேட்டேன். என்னுடைய கோழைத்தனத்தை நினைக்க எனக்கே வெறுப்பாக இருந்தது. இனி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொல்லுவோம் என்று கையை நீட்டியபோதுதான் பின்பக்கத்துத் தடியின் ரீல் அலறியது.

அத்தான் பாய்ந்து தடியைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. கயிற்றில் ஒரு சாண் தொய்வும் நான் விட்டிருக்கவில்லை.

"என்னடா இது? அவிழ், அவிழ்!"

நனைந்த நைலோன் முடிச்சு கல்லாகியிருந்தது. நகத்தால் கிண்டினேன், பல்லால் கடித்தேன். தடி வில்லாக வளைந்தது. ஹோல்டர் பூட்டிய இடத்தில் வள்ளத்தின் விளிம்பு நெரிந்தது. மீனைப் பிடித்துவைக்கத் தெரியாதவன் தடியைப் பிடித்துவைத்திருந்தேன். கடைசியில் மீன் வெட்டுகிற கத்தியால் கயிற்றை அறுத்தேன். தடியோடு அத்தான் மல்லாக்க விழுந்து, விழுந்தபடியே ரீலைச் சுற்றினார்.

அரை மணித்தியாலம் போனது. வந்தது ஓர் அறுக்குளா மீன். என் இடுப்பு உயரத்துக்குக் குறையாது. அத்தான் முடிச்சையும் மறந்து, நெரிந்த விளிம்பையும் மறந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. இருபத்திரண்டு வருடம் குளிருக்குள் நின்று வேலை செய்த மனுசர், சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். அவரைப் பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அதுதான் கேடு.

"பிடி, ரெண்டு கையாலயும் பிடி. உன்ர அய்யாவுக்குக் காட்டுவம்."

தடுக்க முதலே வீடியோவில் அழைத்துவிட்டார். போனில் அய்யா வந்தார். வெறும் மேல், தோளில் துவாய், பின்னால் உழுது புரட்டிய வயல். இரண்டாம் உழவும் முடித்திருந்தார். அந்த மண்ணின் நிறம் இங்கிருந்தே எனக்கு மணத்தது.

"அய்யா, பாத்தீங்களோ உங்கட மோனை? இனி இவன் கடல்காரன்!" என்று அத்தான் கத்தினார்.

அய்யா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து என்னைப் பார்த்தார். மீனின் பாரத்தில் என் பல்லெல்லாம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"உன்னை இப்பிடிச் சிரிச்சுக் கண்டு எவ்வளவு காலமடா தம்பி" என்றார். குரல் இளகியிருந்தது. "நான்தான் பிழையா நினைச்சிட்டன். நீ அங்கயே இரு. காணியைப் பின்னேரமே அவையளுக்குக் குத்தகைக்குக் குடுத்திடுறன்."

"இல்லை அய்யா."

"என்ன? காத்துச் சத்தம், ஒண்டும் கேக்கேல்லை."

அவர் போனைத் தூக்கிக் காதோடு வைத்துக்கொண்டார். திரை முழுக்க அவருடைய காது மட்டும், நரை மயிரும் காய்ந்த சேறும் ஒட்டிய காது. அத்தான் போனை என் வாய்க்கருகே நீட்டினார். மீன் என் கையில் வழுக்கியது. மீனின் செவுள் ஒரு தரம் திறந்து மூடியது.

"சொல்லு தம்பி" என்றார் அய்யா.

"வால் தெரியேல்லை. இன்னும் கொஞ்சம் உயத்து" என்றார் அத்தான்.

உயர்த்தினேன்.