துவைக்காத சட்டை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது திருட்டுக் கதை. கிராமத்துப் பெண்களுக்குத் துணியில் இலை அச்சு எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் என் தோழி, போனில் பாதி சொல்லிவிட்டு, "பஸ் வந்துடுச்சுடி" என்று வைத்துவிட்டாள். மீதிக்கு நான் மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

2.
முதல் தொடக்கம்: 'இலைகளின் பச்சை மணம் காற்றில்...' சீ, வேண்டாம். ஒரு கொட்டகை, நான்கு அடுப்பு, பதினோரு பெண்கள். போதும்.

அவர்களில் ஒருத்திக்கு வாயாடி என்று பெயர். (நான் வைத்ததல்ல, ஊர் வைத்தது.) டீச்சர் (என் தோழிதான்) கொடுத்த துணியை வேண்டாம் என்றுவிட்டு, வீட்டிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன், பிடித்தவனோடு போன மகள் அன்று காலையில் கழற்றிப் போட்டது. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று கத்தியது இதே வாய்தான். இப்போது அதில் தேக்கிலை பதித்து மகளுக்கு அனுப்ப வேண்டுமாம். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"முதல்ல சோப்பு போட்டுக் கொதிக்க வைங்கக்கா. அப்புறம் படிகாரத் தண்ணி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா இலை பதியாது."

"துவைக்காமப் பண்ண முடியாதா டீச்சர்?"

"ஏன்க்கா?"

வாயாடி சட்டையின் கழுத்துப்பட்டியை மூக்கில் வைத்துக்கொண்டாள். மகளின் வியர்வை, தலையெண்ணெய். மூன்று வருடம் கழித்தும் இருக்குமா என்று கேட்காதீர்கள். பெற்றவள் மூக்குக்கு இருந்தது.

3.
[இங்கே அவளை அழவைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை.]

"துவைச்சா இருக்கிறதும் போயிடும். துவைக்கலேன்னா இலை பதியாது, அவ வரவே மாட்டா. ஊரையே பேசி ஜெயிச்சவ, ஒரு சட்டைகிட்டத் தோத்து நிக்கிறேன் பாருங்க."

4.
முடிவு அ: துவைத்தாள், அனுப்பினாள், மகள் ஓடிவந்தாள். எழுதும்போதே கூசியது.

முடிவு ஆ: துவைக்காமலே இலையை வைத்துச் சுருட்டி ஆவியில் வேகவைத்தாள். இலையும் பதியவில்லை, வாசமும் போயிற்று. இதை எழுதினால் நான் மனுஷியே இல்லை.

பொறுக்கமாட்டாமல் தோழிக்குப் போன் போட்டேன். கொதிக்கும் பானை முன்னால் வாயாடி சட்டையை அவள் கையில் திணித்து, "நீங்களே போட்டுடுங்க டீச்சர், என்னால ஆகாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

"நீ என்னடி பண்ணினே?"



"எழுதுறவ நீதானே. நீயே போடு."

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பேசி ஆறு மாதம் ஆகிறது. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. என்னாலும் ஆகவில்லை.

இந்தாருங்கள், சட்டையை நீங்கள் பிடியுங்கள். தண்ணீர் கொதிக்கிறது. வாயாடி இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.