வரப்பில் ஒரு முறம்

பஸ் அமிர்தியைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததுமே என் வீட்டுக்காரருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயசுதான், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. "இன்னாங்கம்மா அவருக்கு?" என்றாள். நெஞ்சுக்குள்ளே கட்டி, வேலூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்றேன். அவள் முகத்தில் இரக்கம் வந்தது. வந்த கையோடு, "பீடி குடிப்பாரா?" என்றாள். குடித்தார் என்றேன். வந்த இரக்கம் வந்த வழியே திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். எந்த ஊர் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு, துப்பட்டாவை மூக்கில் சுற்றி, ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். வாசலில் நின்ற வாட்ச்மேன் கேட்டான், ஸ்கேன் எடுக்கிறவன் கேட்டான், பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள். எல்லாருக்கும் அந்த ஒரு பதில் வேண்டும். கிடைத்ததும் நிம்மதி. சர்க்கரை வந்தவனிடம் எத்தனை லட்டு தின்றாய் என்று யாராவது கேட்கிறார்களா? பீடிக்காரனுக்கு நோய் வந்தால் மட்டும் எல்லாரும் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். இத்தனைக்கும் இதே வழியில் நான் கல்யாணமாகி வந்த புதிதில், புகை பிடிக்காதீர் என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்றுதான் கண்டக்டர் பற்றவைப்பார். டிரைவருக்கு ஒன்று பற்றவைத்துக் கொடுப்பார். மலைமேல் ஆணென்ன பெண்ணென்ன, களை எடுக்கும்போது நாங்களும் இழுத்தவர்கள்தான். எல்லார் நெஞ்சுக்குள்ளும் போனது ஒரே புகை, கட்டி மட்டும் என் புருஷனுக்கு வந்தது.

ஊருக்கு வந்து பார்த்தால் சாமை முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. சாமையை அப்படியே விட்டுவைக்க முடியாது. ஒரு காற்று பலமாக அடித்தால் மணி கொட்டிப்போகும், ஒரு மழை வந்தால் நின்றபடியே முளைத்துப்போகும், மிச்சத்தைக் குருவி பார்த்துக்கொள்ளும். வருஷம் முழுக்க எங்கள் சோறும் அதுதான், அடுத்த விதைப்புக்கு விதையும் அதுதான். நான் ஒருத்தி அறுத்து மாளாது. ஒரே மகள் கோகிலவாணி சந்தவாசலில் வாழ்க்கைப்பட்டவள், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, மலை ஏறி வர முடியாது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி உண்டு. நோவு விழுந்த வீட்டுப் பெண்பிள்ளை பொழுது விடியுமுன் போய் ஊர்க்கவுண்டர் வாசற்படியில் தன் அரிவாளை வைப்பாள், பிடி வீட்டைப் பார்த்தபடி. கவுண்டர் அதை எடுத்து உள்ளே வைத்தால் மறுநாள் ஊரே அறுப்புக்கு வரும். அவரே அந்த அரிவாளைக் கொண்டுவந்து முதல் கை அறுப்பார். கூலி கிடையாது. வரப்பில் ஒரு முறத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு கட்டு பீடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த முறம் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு மரியாதை இல்லை.

ஆனால் இப்போது ஊர் வாசலில் பச்சைப் பலகை நிற்கிறது. புகையில்லாத ஊர் என்று எழுதியிருக்கிறது. கீழே இருந்து வந்த ஒரு டிரஸ்டுக்காரர்கள் வைத்தது. ஊர் முழுக்கப் பீடியை விட்டால் தண்ணீர்த் தொட்டி கட்டி மோட்டார் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். போன வருஷம் மாரியம்மன் கோயில் முன்னால் கற்பூரம் கொளுத்தி, எல்லாரும் அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பீடி குடிக்கிற வீட்டுக்கு ஊர் கை கொடுக்காது என்று கட்டுப்பாடும் போட்டார்கள். இவரும்தான் சத்தியம் செய்தார். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு பன்றிக் காவலுக்குப் பரண் ஏறியபோது மறுபடியும் தொட்டுக்கொண்டது. தொட்டவர் மற்றவர்கள் போல மறைவாகக் குடித்தாரா என்றால், அதுவும் இல்லை. காலையில் வாசலில் குந்தி, தெருவில் போகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே குடிப்பார். அதனால் கட்டி என்று தெரிந்த அன்றே, அம்மன் கேட்டுவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

நான் அரிவாளை வைத்துவிட்டு நின்றேன். ஊர்க்கவுண்டர் தாண்டவராயன் எனக்கு அண்ணன் முறை. கதவைத் திறந்து வந்தவர் படியில் கிடந்ததைப் பார்த்தார். தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எடுத்துக்கினு போ அம்சா."

"இன்னாண்ணா இப்டி சொல்றீங்க? நோவு வூடுண்ணா."

"கட்டுப்பாடு தெரியுமில்ல? உம் புருசனுந்தான் கற்பூரம் அணைச்சான்."

"இப்ப தொடறதில்லண்ணா. ஆஸ்பத்திரி போனதுலேர்ந்து கையால தொடல."

"நோவு வந்தப்பறம் வுட்டா அது வுட்டதா?"

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நீங்க குடிச்சிட்டு வண்டியோட பள்ளத்துல வுழுந்து கால ஒடச்சிக்கினீங்களே, அந்த வருசம் உங்க சாமைய யாரு அறுத்தது? எப்டி வுழுந்தீங்கன்னு ஒருத்தராவது கேட்டமா?"

"அது வேற."

"மொதல் பீடிய அவரு கையில குடுத்ததே நீங்கதான? மீச மொளைக்காத புள்ளைக்கு, உங்க வூட்டு அறுப்புல, மொறத்துலேர்ந்து எடுத்துக் குடுத்தீங்க. அவரே சொல்லிக் கேட்டுக்கீறேன்."

"அதுவும் வேறம்மா. அப்ப யாருக்கு இன்னா தெரியும்?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். மாரடைப்பு வந்த பிறகு தாண்டவராயன் எல்லாவற்றையும் மெதுவாகத்தான் பேசுகிறார். பிறகு, "டிரஸ்டுல ஒரு பொண்ணு, நதியான்னு. உங்கள பஸ்ல பாத்துதாம். ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துல விழா. மச்சான் அங்க வந்து ரெண்டு வார்த்த பேசட்டும். பீடியால எனக்கு இப்டி ஆச்சின்னு சொல்லட்டும். ஊரு வாயும் அடங்கும், தொட்டி வேலையும் நடக்கும். பேசிட்டான்னா உன் அரிவாள நானே எடுத்துக்கினு வர்றேன்" என்றார்.

சாகப்போகிற மனுஷனைச் சந்தையில் மாட்டை நிறுத்துவதுபோல நிறுத்தச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து நான் சொல்லச் சொல்ல அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பீடி விட்ட அன்று, பிரிக்காத ஒரு கட்டைக் கூரையில் செருகிவைத்திருந்தார். கண் அங்கேதான் இருந்தது. கட்டி அழுத்தி அவருக்குக் குரல் போய் நாளாகிறது, காற்றுதான் வரும்.

"சாமைய அறுத்துருவாங்களா?" என்றார்.

"அறுப்பாங்களாம்."

"அப்ப போலாம். மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அவரைக் குளிப்பாட்டி, மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டேன். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு பேனர் கட்டியிருந்தார்கள். மேடை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். நதியா பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் தாத்தாவ நல்லா பாருங்க" என்றாள். பிள்ளைகள் நன்றாகப் பார்த்தார்கள். அவருக்குத் தாத்தா வயசெல்லாம் இல்லை, நோய்தான் அப்படி ஆக்கிவைத்திருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். ஸ்பீக்கரில் முதலில் அவர் மூச்சுதான் கேட்டது. பிறகு, "பீடி குடிக்காதீங்க. நான் குடிச்சேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, "ஊரு என்ன மன்னிக்கணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பந்தலுக்குப் பின்னாலிருந்து சாராய வாடையோடு இரண்டு பேர் விசில்கூட அடித்தார்கள். அவர் யாருக்கு என்ன கெடுதல் செய்தார், எதற்கு மன்னிக்க வேண்டும் என்று மேடை ஏறிக் கேட்க வேண்டும்போல இருந்தது. வயலில் நிற்கிற சாமையை நினைத்துக்கொண்டு நானும் கை தட்டினேன்.

"சூப்பரா பேசினீங்க ஐயா" என்று நதியா ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஊர் வந்தது. பொய் சொல்லக்கூடாது, வீட்டுக்கு ஒருத்தர் வந்தார்கள். தாண்டவராயன் என் அரிவாளைக் கொண்டுவந்து முதல் கை அறுத்துக் கிழக்கே பார்த்து வைத்தார். பக்கத்து வீட்டுச் செல்லி என்னோடு ஒரே நிரையில் அறுத்தாள். ஒரு காலத்தில் அவளும் நானும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்திருக்கிறோம். இன்றைக்கு மாமனாரைப் பற்றி, மழையைப் பற்றி, எல்லாம் பேசினாள், அவர் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தாலும் அரிவாள் ஓடுகிற சத்தம் கேட்கக் கேட்க எனக்கு மனசு இளகியது. பாதி வயலுக்குமேல் சாய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வேளைப் பொழுது இதே வேகத்தில் போனால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நதியாவும் வந்திருந்தாள். ஒரு நோயாளிக்கு ஊரே உதவுகிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவர் வந்தார். வீட்டிலிருந்து வயலுக்கு இறக்கம்தான் என்றாலும் அவருக்கு அது பெரிய தூரம். நாலடிக்கு ஒருதரம் நின்று நின்று வந்தார். கையில் முறம். வரப்பில் குந்தி, முறத்தைக் கீழே வைத்து, துண்டால் ஓரத்தைத் துடைத்தார். வெற்றிலையைக் காம்பு ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார். பாக்கு. நடுவில், கூரையில் இருந்த அந்தப் பீடிக்கட்டு. எனக்கு உயிர் போய் வந்தது. தலைமுறை தலைமுறையாக அறுப்புக்கு வந்தவர்களுக்கு எங்கள் வீடு என்ன வைத்ததோ அதை வைத்திருக்கிறார். அறுக்கத்தான் முடியவில்லை, இதையாவது செய்வோம் என்று நினைத்திருப்பார். மேடையில் மன்னிப்புக் கேட்டதும் இதுவும் அவருக்கு ஒன்றோடொன்று மோதவே இல்லை. ஒன்று கட்டுப்பாடு, இன்னொன்று மரியாதை.

"எடுத்துக்குங்க" என்றார் காற்றுக் குரலில். எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரித்தார்.

அரிவாள்கள் நின்றுபோயின. நதியா போனைத் தாழ்த்தினாள். முறத்தைப் பார்த்தாள், தாண்டவராயனைப் பார்த்தாள். "இன்னாங்கய்யா இது? நேத்துதான மேடையில..." என்றாள். மேலே பேசாமல் விறுவிறுவென்று மேடேறிப் போய்விட்டாள். தொட்டி போகிறதே என்ற பயம் தாண்டவராயன் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

"இன்னா மச்சான் இது?" என்றார்.

"மொறம் மச்சான்" என்றார் இவர், புரியாமல்.

நான் ஓடிப்போய், "தெரியாம வச்சிட்டாருண்ணா, நான் எடுத்துர்றேன், அறுப்ப நிறுத்தாதீங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தாண்டவராயன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த என் அரிவாளை வரப்பில் வைத்தார், பிடி எங்களைப் பார்த்தபடி. வைத்துவிட்டு மேடேறினார். ஒவ்வொருத்தராகப் பின்னால் போனார்கள். முறத்தைத் தாண்டித்தான் வரப்பில் ஏற வேண்டும். ஆண்கள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டார்கள். செல்லி மட்டும், "இன்னாத்துக்குடி இவரு இப்டி பண்ணாரு" என்று முணுமுணுத்துவிட்டு, தன் நிரையில் கடைசியாகப் பிடித்திருந்த கையை அறுத்து வைத்துவிட்டுப் போனாள்.

அவர் களைத்துப்போய்ப் புளியமரத்தடியில் சாய்ந்துவிட்டார். நான் வெறிபிடித்தவள்போல அறுத்தேன். முதுகு விட்டுப்போகிறவரை அறுத்தும் ஒரு மூலைகூடக் குறையவில்லை. மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்க வரப்புக்கு வந்தேன். முறத்தைத் தூக்கி எறிந்துவிடலாம் என்ற ஆத்திரத்தில்தான் குனிந்தேன். வெற்றிலை அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. பாக்கு அப்படியே இருந்தது. நடுவில் பீடிக்கட்டு இல்லை. அதைச் சுற்றியிருந்த காகிதமும் சிவப்பு நூலும் மட்டும் முறத்தில் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் போன வழியில், காட்டு ஓரத்துப் பாறைக்குப் பின்னாலிருந்து மெல்லிசாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அம்சா" என்றார் அவர். கண்ணைத் திறந்திருந்தார். "மொறத்துல எடுத்துக்கினாங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு பதிலுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல இருந்தது.

"எடுத்துக்கினாங்க" என்றேன். "ஒண்ணுகூட பாக்கி வுடல."

"அப்பாடா" என்று அவர் நெஞ்சு இறங்கியது. கடன் தீர்த்தவர்போல ஒரு சிரிப்பு. மரத்தைப் பிடித்து எழுந்து, அறுக்காமல் நின்ற சாமைப் பக்கம் திரும்பினார். அதன்மேல் அதற்குள் ஒரு குருவிக் கூட்டம் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தது. அவர் கையை ஓங்கி வாயை அகலத் திறந்து அவற்றை விரட்டினார். சத்தமே வரவில்லை. குருவிகள் தின்றுகொண்டே இருந்தன.