சரி, போய்ப் பாடு

பதினோரு நாளாகக் குட்டி பேசவில்லை. அது அவளுடைய அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வீட்டில் குட்டியைப் பார்த்துக்கொள்ளும் அப்பா. இன்னொருத்தி, அவர்களிடமிருந்து ஒரு கடல் தள்ளி, பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும் சத்தம்.

சத்தம் என்பது அவள் பெயரில்லை. ஒத்திகையின் முதல் நாள் டிரம்மர் அவள் பெயரைக் கேட்டார். சொன்னாள். அவர் காதில் விழவில்லை. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். "போதும்மா, இவ்வளவு சத்தம் போட்டா என் டிரம்ஸுக்கு என்ன மரியாதை?" என்றார். பெயர் நிலைத்துவிட்டது. இயற்பியல் படித்த பெண். யாராவது நேராக முகத்தைப் பார்த்துப் பேசினால் அவள் விரல்கள் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரின் பொத்தான்களைத் தேடிப் போய்விடும்.

அவள் வேலை அக்காவின் காது. குட்டியின் அம்மாவான பாடகியைக் குழுவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிட மூத்தவரான டிரம்மர் உட்பட. மேடையில் அக்கா இரண்டு காதையும் இறுக அடைக்கும் இயர்போன் போட்டிருப்பார். போட்டுவிட்டால், அரங்கம் நிறைந்த கூட்டத்தின் ஆரவாரம்கூடப் பக்கத்து வீட்டு டிவி மாதிரிதான் கேட்கும். அவருடைய குரல் அவருக்கு எவ்வளவு கேட்க வேண்டும், கிதார் எவ்வளவு, தாளம் எவ்வளவு என்பதை மேடை ஓரத்தில் மிக்சர் முன்னால் நிற்கும் சத்தம்தான் அனுப்புவாள். அதே போன்ற இயர்போனை அவளும் போட்டிருப்பாள். அக்காவுக்கு என்ன கேட்கிறதோ அதுதான் அவளுக்கும் கேட்கும். வேறு யாருக்கும் கேட்காது.

புது ஆல்பத்தின் பெயர் 'இதோ வரேன்'. எல்லாப் பாட்டும் வீடு திரும்புவதைப் பற்றியவை. ஆல்பம் நன்றாகப் போனதால் அதைப் பாடிக் காட்டத்தான் இந்தப் பயணம். "வீட்டுக்குப் போறேன் வீட்டுக்குப் போறேன்னு பாடியே நம்மள வீட்டுக்குப் போக விடாம பண்ணிட்டாங்க அக்கா" என்று டிரம்மர் விமான நிலையங்களில் சொல்வார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அக்கா மட்டும் சிரிப்பதை நிறுத்தினார்.

மூன்றாவது ஊரில் அக்காவின் தொண்டை கட்டிக்கொண்டது. "பாட்டை நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டீங்க. பேச்சையாவது நிறுத்துங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து அக்கா மேடையில் பாடுவார், மற்ற நேரத்தில் வாய் திறப்பதில்லை. சொல்ல வேண்டியதைக் கையளவு வெள்ளைப் பலகை ஒன்றில் எழுதிக் காட்டுவார்.

"கடவுள் இருக்காருடா" என்றார் டிரம்மர். "இனிமே என்னைத் திட்டணும்னா எழுதணும். எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் ஓடிடுவேன்."

அக்கா பலகையைக் காட்டவில்லை. அதாலேயே அவர் தலையில் ஒன்று வைத்தார்.

வீட்டோடு போனில் பேசுவதும் அத்தோடு நின்றது. அதுவரை தினமும் பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் குட்டி போனில் ஏதாவது பேசுவாள். அவள் அப்பா, அதாவது அக்காவைக் கட்டியதால் குழுவுக்கே மாமாவாகிவிட்டவர், அதைப் பதிவுசெய்து சத்தத்துக்கு அனுப்புவார். அவள் அதிலிருக்கும் மின்விசிறி இரைச்சலை எடுத்துவிட்டு, மேடை ஏறுவதற்குச் சற்று முன் அக்காவின் காதுக்குள் விடுவாள். 'முன்னாடியே கேட்டா அழுதுடுவேன். தொண்டை போயிடும்' என்று அக்கா எழுதிக் காட்டியிருந்தார்.

"அம்மா, எங்க கிளாஸ்ல ஒரு பையன் பென்சில் சீவுற மிஷின்ல விரலை விட்டுட்டான். அவன் அழவே இல்ல. நான்தான் அழுதேன். சரி, போய்ப் பாடு."

தினமும் முடிவில் அந்த மூன்று சொற்கள் இருக்கும். கறுப்புத் திரைக்குப் பின்னால் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். குரல் வரும். 'சரி' என்ற சொல்லில் அவர் தோள்கள் இறங்கும். 'பாடு' என்பதில் கால் நகர்ந்துவிடும். யாரும் கையசைத்து அனுப்ப வேண்டியதில்லை. பதிலுக்கு அக்கா பலகையில் பூனையோ விமானமோ வரைந்து, படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்.

நடுவில் ஒரு வாரம் வீட்டுக்குப் போய்வருவதாக இருந்தது. குட்டியிடம் சொல்லியும் ஆயிற்று. அந்த வாரத்தில் இன்னொரு ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா ஒரு விமானம் வரைந்து, அது வேறு பக்கம் பறப்பது போல அம்புக்குறி போட்டு அனுப்பினார். மறுநாள் குட்டியின் குரல் வரவில்லை. மாமாதான் சத்தத்தைப் போனில் கூப்பிட்டார்.

"அம்மாவுக்குப் பேச மாட்டேங்கறாம்மா. என்ன பண்ணியும் வாயைத் திறக்கல." பிறகு அதற்குக் குட்டி சொன்ன காரணத்தை அப்படியே சொன்னார். "இதை அவகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா போட்டது போட்டபடி கிளம்பி வந்துடுவா. இத்தனை பேர் பிழைப்பு அதுல இருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும். பழசு ஏதாவது ஒண்ணைப் போட்டு விடு."

"சரி மாமா."

பழையதை அப்படியே போட முடியாது. அக்காவுக்கு ஒவ்வொன்றும் மனப்பாடம். அதனால் சத்தம் வெட்டி ஒட்டினாள். ஒரு நாளின் 'அம்மா', இன்னொரு நாளின் 'ஸ்கூல்ல', வேறொரு நாளின் 'வரைஞ்சேன்'. மூச்சு எங்கே வர வேண்டும் என்று பார்த்து மூச்சையும் வைத்தாள். அறைக்கு அறை எதிரொலி மாறும் என்பதால் பின்னணியில் ஒரே அறையின் அமைதியைப் பரப்பினாள். எந்த ஊர் ஓட்டலிலும் கட்டிலுக்கு எதிரே ஒரு கண்ணாடி இருந்தது. அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து இதைச் செய்தாள். சத்தத்தின் அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டு "எப்ப வர?" என்று கேட்கும்போதும் ஒரு காதில் குட்டி பேசிக்கொண்டிருந்தாள். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதைக் கேட்டாள். வேலைக்காகத்தான் கேட்கிறோம் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாளில் சரியாகவில்லை.

அதற்கிடையில் ஒரு நாள் அக்கா பஸ்ஸில் எழுந்து வந்து ஒவ்வொருவரிடமும் போனை நீட்டினார். மாமா அனுப்பிய போட்டோ. குட்டி வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டையும் காணோம். "அடேயப்பா, வாசக்கதவையே கழட்டி வெச்சுட்டாளே" என்றார் டிரம்மர். எல்லோரும் சிரித்தார்கள். சத்தமும் சிரித்தாள். விழித்திருக்கும்போது முகத்தைக் காட்ட மாட்டேன் என்றிருப்பாள், அதனால்தான் தூங்கும்போது எடுத்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

இன்று மதியம் ஒலிச் சோதனை முடிந்த கையோடு மேனேஜர் மேடைக்கு வந்தார். அரங்கில் மடக்கு நாற்காலிகளை வரிசையாக விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இன்னும் நாலு ஊர் சேர்க்கச் சொல்றாங்க. ஒரு மாசம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். நீ சரின்னா இன்னிக்கே சொல்லிடலாம்."

அக்கா பலகையில் 'குட்டி' என்று மட்டும் எழுதினார்.

"குட்டிக்கு என்னம்மா? தினம் பேசறா, ஜம்முனு இருக்கா. அவ வாடியிருந்தா நானே இந்தப் பேச்சை எடுப்பேனா?" மேனேஜர் திரும்பினார். "சத்தம், நீதானே கேக்கற. நேத்து என்ன சொன்னா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். விரல்கள் மிக்சருக்குப் போயின.

"படம்... படம் வரைஞ்சாளாம்."

"பார்த்தியா? குழந்தை படம் வரையுது. நீதான் இங்க முகத்தைத் தூக்கி வெச்சுட்டு நிக்கற."

அக்கா மேனேஜரைப் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 'எல்லாரும் சாப்பிட்டு வாங்க. சத்தம் இருக்கட்டும்.'

"போச்சு" என்றார் டிரம்மர், குச்சிகளை இடுப்பில் செருகியபடி. "நேத்து கிதாரை அமுக்கி வெச்சேல்ல? இன்னிக்குக் கச்சேரி உனக்குத்தான்."

அவர்கள் போனார்கள். நாற்காலி விரிப்பவர்கள் அரங்கின் கடைசிக்கு நகர்ந்திருந்தார்கள். அக்கா இயர்போனை மாட்டிக்கொண்டு எழுதினார்: 'நேத்து போட்டதைப் போடு.'

சத்தம் போட்டாள்.

"அம்மா, இன்னிக்கு ஸ்கூல்ல படம் வரைஞ்சேன். சரி, போய்ப் பாடு."

அக்காவின் தோள்கள் இறங்கின. அதைச் சத்தம் பார்த்தாள். இப்போதும் இறங்குகின்றன. பிறகு அக்கா எழுதிக்கொண்டே மிக்சர் பக்கம் நடந்து வந்து பலகையைத் திருப்பினார்.

'பல் விழுந்தப்புறம் சரி-ங்கறது இப்படி வராது.'

சத்தம் அதை இரண்டு முறை படித்தாள். மூச்சு, எதிரொலி, மின்விசிறி எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பஸ்ஸில் அந்தப் போட்டோவைக் கையில் வாங்கிச் சிரித்துமிருந்தாள். கணினித் திரையில் தெரிந்த அலைக்கோடுகளுக்குப் பின்னால் ஒரு வாய் இருக்கிறது, அதில் இரண்டு பல் இல்லை என்பது மட்டும் தோன்றவேயில்லை.

அக்கா சட்டைக் கையால் பலகையைத் துடைத்தார். 'போட்டோ வந்த அன்னிக்கே தெரியும்.' மறுபடி துடைத்தார். இந்த முறை எழுத நேரமாயிற்று. 'ஆனாலும் நிறுத்தச் சொல்லல. குரல் அவளோடதுதானே.'

சத்தம் தலையைக் குனிந்துகொண்டாள். பலகை அவள் முகத்துக்குக் கீழே வந்தது.

'உடம்புக்கு ஏதாவதா?'

அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். அக்கா கண்ணை மூடித் திறந்தார். மை கையெல்லாம் ஈஷியிருந்தது.

'அவர்கிட்ட கேட்டா நல்லா இருக்கான்னு மட்டும் வருது. நீ சொல்லு. மேனேஜருக்கு அப்புறம்தான் பதில்.'

சொன்னால் அக்கா இன்றே கிளம்பிவிடலாம். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம். மாமாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. டிரம்மருக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். சத்தத்துக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. அக்கா தன் காதைத் தொட்டுக் காட்டினார். இயர்போன் இன்னும் காதில்தான் இருந்தது. கழற்றவில்லை. மிக்சரின் ஓரத்தில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினார். மேடையில் இருப்பவரின் காதோடு சத்தம் பேச வேண்டுமானால் அதைத்தான் அழுத்த வேண்டும். இந்தப் பயணம் முழுக்க அவள் அதில் பேசியது 'ரெடி அக்கா', 'பாட்டரி மாத்தணும் அக்கா' என்ற இரண்டுதான்.

அக்கா மேடை நடுவுக்குப் போனார். தினமும் நிற்கும் இடத்தில் நின்றார். சத்தத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் பேச முடியாது என்று அவருக்குத் தெரியும்.

முன்னால் வெறும் நாற்காலிகள். அக்கா பலகையைக் கீழே தொங்கவிட்டிருந்தார். மற்ற கை இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தது, இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்பது போல.

சத்தம் பொத்தானை அழுத்தினாள். தன் மூச்சு தன் காதிலேயே பெரிதாகக் கேட்டது. அக்காவுக்கும் அது கேட்டிருக்கும்.

"குட்டி நல்லாத்தான் இருக்கா அக்கா. உங்ககிட்டதான் பேச மாட்டேன்னுட்டா. மாமா போனை நீட்டினா வாயைப் பொத்திக்கறாளாம்." அவள் நிறுத்தினாள். அக்கா திரும்பவில்லை. "'அம்மா யார் யாருக்கோ பாடறா. என்கிட்ட மட்டும் பேசவே மாட்டேங்கறா. முதல்ல அம்மா பேசட்டும், அப்புறம் நான் பேசறேன்'னு சொன்னாளாம்."